முடவனுக்கு ஒரு நாள்

செருப்புக் கடையில் நான் முதலில் பார்ப்பது செருப்பை அல்ல, ஸ்டூலை. உட்கார ஒரு ஸ்டூலும் அவசரப்படுத்தாத ஒரு பையனும் இருந்தால்தான் உள்ளே போவேன். பேன்ட்டை முழங்கால்வரை ஏற்றி இடது காலில் இருக்கும் பிளாஸ்டிக் பிரேஸைக் காட்டி, "இதோட உள்ள போற மாதிரி ஷூ வேணும் தம்பி" என்பேன். பையன் ஒரு நொடி தயங்குவான். பிறகு பெரும்பாலும் சொல்வது, "சார், நீங்க செருப்பே போட்டுக்கலாமே?"

போட்டுக்கொள்ள முடியாது. என் இடது பாதம் தானாக மேலே தூக்காது. காலை எடுத்து வைக்கும்போது விரல்கள் தரையைத் தேய்த்துக்கொண்டு வரும், தடுக்கும், விழுவேன். பாதத்தையும் கெண்டைக்காலையும் சேர்த்துப் பிடித்து, ஏறத்தாழ செங்கோணத்தில் நிறுத்தி வைப்பதுதான் இந்த பிரேஸின் வேலை. மருத்துவமனையில் ஏ.எஃப்.ஓ. என்பார்கள். எங்கள் வீட்டில் இன்னும் "காலிப்பர்"தான். பிரேஸின் அடி வழவழப்பான பிளாஸ்டிக். வெறும் பிரேஸோடு மொசைக் தரையில் நடந்தால் சறுக்கும். ஆகவே அதற்கு மேல் ஒரு ஷூ வேண்டும். அந்த ஷூ எப்படி இருக்க வேண்டும் என்பதில்தான் சிக்கல் எல்லாம்.

முன்வாய் விரல்வரை அகலமாகத் திறக்க வேண்டும், ஏனென்றால் பிரேஸுக்குள் இருக்கும் கால் வளைந்து நெளிந்து உள்ளே போகாது. உள்ளே போடும் அட்டை கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும், அதை எடுத்தால்தான் பிரேஸுக்கு இடம் கிடைக்கும். பின்பக்கம் விறைப்பாக நிற்க வேண்டும், இல்லாவிட்டால் போடும்போதெல்லாம் மடங்கும். குதிகால் உயரம் பிரேஸ் செய்தபோது இருந்த அளவிலேயே இருக்க வேண்டும். இதைப் பலர் கவனிப்பதில்லை. பிரேஸ் கணுக்காலை அசையவிடாது. அதனால் குதிகால் கொஞ்சம் உயர்ந்தால் முழங்கால் முன்னால் தள்ளப்படும், குறைந்தால் பின்னால் வளையும். ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம் சாயங்காலத்துக்குள் இடுப்புவரை வலியாக ஏறிவிடும்.

அப்புறம் அளவு. வெறும் காலாக என் இடது பாதம் 5, வலது 8. பிரேஸோடு இடது 7. எந்தக் கடையிலும் இடது 7, வலது 8 என்று ஒரு ஜோடி கிடையாது. இரண்டு ஜோடி வாங்கி இரண்டு ஷூவைத் தூக்கிப்போட வேண்டும். பல வருஷம் அப்படித்தான் செய்தேன். பிறகு நாகப்பட்டினத்தில் ஒருவர் பழக்கமானார். அவருக்கு வலது காலில் பிரேஸ். வலது 7, இடது 8. இப்போது ஒரே மாடலில் 7ல் ஒன்று, 8ல் ஒன்று வாங்கிப் பங்கு போட்டுக்கொள்கிறோம். "நம்ம ரெண்டு பேரையும் சேத்து வெச்சா ஒரு முழு ஆளு வரும், ஒரு முழு நொண்டி வரும்" என்பார். நாங்கள் மட்டும் சிரிக்க அனுமதியுள்ள ஜோக் அது.

*

எனக்கு இளம்பிள்ளை வாதம் வந்தது ஒன்றரை வயதில், 1980களின் தொடக்கத்தில். காய்ச்சல், ஒரு ஊசி, மறுநாள் கால் அசையவில்லை. "ஊசி போட்டாங்க, கால் போச்சு" என்றுதான் அம்மா கடைசிவரை சொன்னார். படித்தவர்கள் அதை அறியாமை என்று ஒதுக்குவார்கள். நானும் கல்லூரி நாட்களில் அம்மாவைத் திருத்தியிருக்கிறேன். பிறகு படித்தபோதுதான் தெரிந்தது, அம்மா முழுக்கத் தவறில்லை. போலியோ கிருமி உடலில் இருக்கும் நேரத்தில் தசையில் ஊசி போட்டால், ஊசி போட்ட அந்தக் காலிலேயே வாதம் வரும் வாய்ப்பு கூடுகிறது. 1950 வாக்கிலேயே ஆஸ்திரேலியாவிலும் இங்கிலாந்திலும் மருத்துவர்கள் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார்கள். சாதாரணக் காய்ச்சலுக்கெல்லாம் ஊசி கேட்டு வாங்கும் நம் ஊரில் எத்தனை கால்கள் இப்படிப் போயிருக்கும்! கிருமிதான் காரணம். ஊசி அதற்கு வழி காட்டியது. அம்மாவிடம் இதைச் சொல்ல எனக்கு நேரம் கிடைக்கவில்லை.

1955 ஏப்ரல் 12 அன்று சால்க் தடுப்பூசி வேலை செய்கிறது என்று அமெரிக்காவில் அறிவித்தபோது மாதா கோயில் மணிகளெல்லாம் அடித்ததாகச் சொல்வார்கள். இந்தியாவில் சொட்டு மருந்து பொதுத் திட்டத்தில் சேர்ந்தது 1979ல். அதுவும் இங்கே எதிர்பார்த்தபடி வேலை செய்யவில்லை. மேல்நாட்டில் மூன்று தவணை போதும் என்றால், இங்கே மூன்று தவணை குடித்த குழந்தைகளுக்கும் வாதம் வந்தது. இதை முதலில் ஆய்வு செய்து உரக்கச் சொன்னவர்களில் முக்கியமானவர் வேலூர் சி.எம்.சி.யின் டி. ஜேக்கப் ஜான். இன்னும் அதிகத் தவணைகள் வேண்டும், ஒரே நேரத்தில் எல்லாக் குழந்தைகளுக்கும் கொடுக்க வேண்டும் என்ற சிந்தனை வேலூரில் வளர்ந்தது. 1995ல் நாடு முழுக்க ஒரே நாளில் சொட்டு மருந்து கொடுக்கத் தொடங்கினார்கள். இந்தியாவின் கடைசிப் போலியோ நோயாளிக்கு நோய் கண்டது 2011 ஜனவரி 13, மேற்கு வங்கத்தில். 2014 மார்ச் 27 அன்று இந்தியா போலியோ இல்லாத நாடு என்று சான்று கிடைத்தது.

அன்று எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. கூடவே ஒரு விசித்திரமான உணர்வும். நாங்கள் ஒரு கடைசித் தலைமுறை. எங்களோடு சேர்ந்து ஒரு தொழிலும் போய்க்கொண்டிருக்கிறது. காலிப்பர் பூட்ஸ் தைக்கத் தெரிந்த கைகள்.

*

பழைய காலிப்பரைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். காலின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு இரும்புக் கம்பி. மேலே கெண்டைக்காலைச் சுற்றித் தோல் பட்டை. கீழே கம்பிகளின் முனை உள்பக்கமாக வளைந்து, பூட்ஸின் குதிகாலுக்குள் குறுக்காகப் பதித்த ஒரு இரும்புக் குழாய்க்குள் போய் மாட்டும். அதாவது பூட்ஸ் இல்லாமல் காலிப்பர் இல்லை. பூட்ஸைக் கழற்றினால் காலிப்பரும் கழன்றுவிடும்.

1921ல் போலியோ வந்த அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் இப்படிப்பட்ட இரும்புப் பட்டைகளைத்தான் போட்டிருந்தார். கணுக்கால் பக்கம் தெரியும் இரும்புக்குக் கறுப்புச் சாயம் அடித்து, கறுப்பு சாக்ஸ், கறுப்பு ஷூ, நீளமான பேன்ட் என்று மறைத்துக்கொண்டார். ஒரு வல்லரசின் தலைவருக்கே மறைக்க வேண்டியிருந்தது என்று படித்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. பள்ளியில் அரை டவுசர் போட்ட எனக்கு மறைக்க வழியில்லை.

என் முதல் பூட்ஸை எங்கள் தெரு முனையில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர்தான் செய்தார். அவருக்குச் செருப்பு தைக்கத் தெரியும், பூட்ஸ் தெரியாது. காரைக்காலில் பூட்ஸ் யாரிடம் இருந்தது? சொல்தாக்களிடம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று, பிரெஞ்சு பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். பக்கத்து வீட்டு சொல்தா தாத்தா இந்தோசீனா போருக்குப் போய் வந்தவர். டிரங்குப் பெட்டியிலிருந்து தன் பழைய பட்டாள பூட்ஸை எடுத்து வந்து, "இதப் பிரிச்சுப் பாரு, அதே மாதிரி புள்ளைக்குத் தை" என்று கொடுத்துவிட்டார். பெரியவர் அதைப் பிரித்துப் பார்த்து என் காலளவுக்கு ஒன்று தைத்தார். சைக்கிள் கடையில் குழாய் வெட்டிக் குதிகாலில் பதித்தார்கள்.

பல வருஷம் கழித்து எலும்பு மருத்துவப் புத்தகம் ஒன்றைப் புரட்டியபோது காலிப்பருக்கு ஏற்றது புளூச்சர் வகை பூட்ஸ் என்று போட்டிருந்தது. வாட்டர்லூவில் நெப்போலியனுக்கு எதிராகப் போரிட்ட புருசியத் தளபதி புளூச்சர் தன் சிப்பாய்கள் அவசரத்தில் சட்டென்று மாட்டிக்கொள்வதற்காகச் செய்யச் சொன்ன வடிவம் என்று அதற்குக் கதை. நாக்கும் முன்தோலும் ஒன்றாக இருக்க, இரண்டு பக்க மடிப்பும் தனித்தனியே விரியும். சிப்பாயின் அவசரத்துக்காகச் செய்தது, விறைத்த கால் உள்ளே போவதற்கும் உதவியது. தெருமுனைப் பெரியவர் புத்தகம் படிக்காமலேயே சரியான இடத்துக்கு வந்திருந்தார்.

ஆனால் கடற்கரை ஊர். உப்புக் காற்றில் இரும்பு துருப்பிடிக்கும், துரு சாக்ஸில் ஒட்டும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் தோல் ஊறிக் கல்லாகும். காயவைக்க அடுப்பங்கரையில் தொங்கவிடுவார் அம்மா. பூட்ஸ் காயாத நாள் எனக்குப் பள்ளிக்கூடமும் கிடையாது.

*

அதைவிடப் பெரிய சிக்கல் வாசற்படி.

காலிப்பர் பிறந்த ஊர்களில் படுக்கப்போகும்வரை ஷூவைக் கழற்றமாட்டார்கள். நம் வீடுகளில் வாசலிலேயே கழற்ற வேண்டும். கோயில், தர்கா, சில மாதா கோயில்கள், பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் அறை, டாக்டர் அறை. வாசலில் பூட்ஸைக் கழற்றிய நொடியில் என் கால் பழையபடி தொங்கும். மற்றவர்கள் விட்டுப்போவது செருப்பை. நான் விட்டுப்போவது நடையை.

வாசலில் செருப்பு என்பது வெறும் சுத்தம் பற்றிய விஷயம் அல்ல என்று நம் வரலாறே சொல்கிறது. யார் செருப்பு போட்டு எந்தத் தெருவில் நடக்கலாம் என்பதை நம் ஊர்களில் சாதி தீர்மானித்தது. மேல்சாதித் தெருவுக்குள் நுழையுமுன் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயத்தைப் பற்றி இன்றும் செய்திகள் வருகின்றன. எல்லோருக்கும் செருப்பு தைத்துக் கொடுத்த சமூகத்துக்கே அதைப் போட்டு நடக்க அனுமதி இல்லை. வெள்ளைக்காரன் ஆட்சியில் அது வேறு வடிவம் எடுத்தது. ஐரோப்பிய பூட்ஸ் என்றால் உள்ளே வரலாம், நாட்டுச் செருப்பு என்றால் வாசலில் விடு.

1739ல் தஞ்சை அரசரிடமிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்தது காரைக்கால். 1954 நவம்பர் 1 அன்று இந்தியாவோடு சேர்ந்தது. சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்ட் 16. இந்த இருநூறு வருஷச் சொச்சத்தில் பிரெஞ்சிந்தியாவில் நடந்த புகழ்பெற்ற வழக்கு ஒன்று ஒரு ஜோடி ஷூவைப் பற்றியது. 1873ல் புதுச்சேரி நீதிமன்றத்துக்குப் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற தமிழ் வழக்கறிஞர் ஐரோப்பிய பாணியில் ஷூ போட்டு வந்தார். நீதிபதி ஒப்புக்கொள்ளவில்லை. நம்மவர் அப்படி வருவது வழக்கமில்லை என்றார்கள். பொன்னுத்தம்பி விடவில்லை. வழக்கைப் பாரிஸ்வரை கொண்டுபோனார். அங்கிருந்த உயர்ந்த நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 1881ல், சாதி மதத்தை ஒட்டிய தனிச்சட்டத்தை விட்டுவிட்டுப் பிரெஞ்சுச் சட்டத்துக்குள் வர விரும்புகிறவர்களுக்கான ஆணை வந்தது. அப்படி வந்தவர்கள் புதிதாக ஒரு குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும். பொன்னுத்தம்பி வைத்துக்கொண்ட பெயர் லபோர்த். பிரெஞ்சில் கதவு என்று பொருள்.

புதுச்சேரிக்குப் போகும்போது லபோர்த் வீதியைத் தாண்டினால் எனக்கு அவர் ஞாபகம் வரும். அவருக்கு ஷூ மரியாதை. எனக்கு அது கணுக்கால். ஆனால் இருவரும் நின்றது ஒரே வாசலில்தான்.

*

எங்கள் ஊர்க்காரிதான் காரைக்கால் அம்மையார். இரண்டு மாங்கனிக் கதை எல்லோருக்கும் தெரியும். ஆனி பௌர்ணமியை ஒட்டி மாங்கனித் திருவிழா நடக்கும்போது மாடிகளிலிருந்து மாம்பழத்தை வாரி இறைப்பார்கள். கீழே ஆயிரக்கணக்கான கைகள் பிடிக்கும். சின்ன வயதில் நான் அந்தக் கூட்டத்துக்குள் போனதில்லை. திண்ணையில் உட்கார்ந்திருப்பேன். யாராவது ஒன்று கொண்டுவந்து கொடுப்பார்கள்.

கதையின் பின்பாதிதான் என்னைப் பிடித்துக்கொண்டது. கணவன் விட்டுப்போனபின் புனிதவதி தன் அழகுடம்பை உதறி, பேய் வடிவம் கேட்டு வாங்குகிறார். கயிலைக்குப் போகிறார். அந்த மலையைக் காலால் மிதிப்பது தகாது என்று தலையால் நடந்து போகிறார். சேக்கிழார் பெரிய புராணத்தில் இதை விவரிக்கிறார். வருகிற இந்த உருவம் யார் என்று உமை வியக்க, சிவன் 'அம்மையே' என்று அழைக்கிறார். பிறகு அவர் திருவாலங்காட்டுக்குப் போய் ஆடவல்லானின் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டு இருந்துவிடுகிறார். கோயில்களில் அறுபத்துமூவர் வரிசையைப் பார்த்தால் மற்ற நாயன்மார்கள் நிற்பார்கள், அம்மையார் மட்டும் உட்கார்ந்திருப்பார்.

பள்ளிக்கூடத்தில் இது பக்தியின் உச்சம் என்று சொல்லித்தந்தார்கள். எனக்கு வேறு மாதிரி தோன்றியது. எல்லோரும் நடக்கிற மாதிரி நடக்காதவள் ஒருத்தி. அவளைப் பார்த்துக் கயிலையில் யாரும் 'காலால நடந்து வா' என்று சொல்லவில்லை.

காரைக்காலிலிருந்து ஐந்து கிலோமீட்டரில் திருநள்ளாறு. சனிப்பெயர்ச்சிக்கு லட்சக்கணக்கில் ஜனம் கூடும் ஊர். சனைச்சரன் என்றால் மெல்ல நடப்பவன். சூரியனைச் சுற்றிவர அவனுக்கு இருபத்தொன்பதரை ஆண்டு ஆகிறது, ஒரு ராசியைக் கடக்க இரண்டரை ஆண்டு. அதனால் பழந்தமிழ் அகராதிகளில் சனிக்கு 'மந்தன்' என்று ஒரு பெயர் உண்டு. 'முடவன்' என்றும் உண்டு. எமன் அடித்ததில் கால் போனது என்று ஒரு கதை. எண்ணெய்க் குளியல் முடித்து வரிசையில் நிற்கும் கூட்டத்தில் எத்தனை பேருக்கு, தாங்கள் பயந்து கும்பிடுவது கால் சரியில்லாத ஒருவனை என்று தெரியும்?

*

காலை மட்டும் கேட்டு, பூட்ஸைக் கேட்காத ஒரு வழி உண்டா என்ற கேள்வியை இந்தியாவில் பலர் தங்கள் தங்கள் இடத்தில் கேட்டிருக்கிறார்கள்.

1914ல் கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட் 1946ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவை செய்து நிமிர்த்தத் தொடங்கினார். அதைவிட முக்கியமாக ஒன்றைக் கண்டுபிடித்தார். அவர்களுடைய பாதம் அழுகுவது நோயால் அல்ல, உணர்ச்சி இல்லாததால். வலி தெரியாததால் ஒரே இடத்தை மறுபடி மறுபடி அழுத்தி நடந்து புண்ணாக்கிக்கொள்கிறார்கள். அப்படியென்றால் மருந்தைவிடச் செருப்பு அவசரம். பாதத்தின் எடையைச் சமமாகப் பரப்புகிற, மிதமான மென்மையுள்ள ஒரு அடித்தளம் வேண்டும். அப்படித்தான் நுண்துளை ரப்பர், அதாவது எம்.சி.ஆர்., வேலூரிலும் கரிகிரியிலும் நோயாளிகளின் செருப்புக்குள் வந்தது.

அந்தச் செருப்பிலும் ஒரு வாசல் இருந்தது. எம்.சி.ஆர். செருப்பைப் பார்த்தே இவர் தொழுநோயாளி என்று தெருவில் கண்டுபிடித்துவிடுவார்கள். காலைக் காப்பாற்றுவது முகத்தைக் காட்டிக்கொடுத்தது. அதனாலேயே பலர் போடாமல் விட்டார்கள். இன்று அதே எம்.சி.ஆர். செருப்பு சர்க்கரை நோய்க்காரர்களுக்கும் குதிகால் வலிக்காரர்களுக்கும் என்று ஊரெல்லாம் விற்கிறது. அது எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் ஞாபகமில்லை. மறதியும் சில சமயம் நல்லது.

பிராண்டோடு வேலை செய்த மேரி வர்கீஸ் 1954ல் ஒரு சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். பிறகு மறுவாழ்வு மருத்துவம் படித்துவந்து, வேலூரில் அதற்கெனத் தனித் துறையை உருவாக்கினார். 1966ல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் வந்தது.

ஜெய்ப்பூரில் 1960களின் கடைசியில் மருத்துவர் பி.கே. சேத்தியும் கைவினைஞர் ராம்சந்திர சர்மாவும் சேர்ந்து செய்த கால்தான் உலகம் அறிந்தது. அதற்குமுன் இருந்த செயற்கைக் கால்கள் ஷூவுக்குள் ஒளிந்துகொள்வதற்காகச் செய்தவை. இவர்கள் வெறும் பாதமாகவே தெரிகிற, தண்ணீரில் இறங்கலாம், குத்தவைத்து உட்காரலாம் என்கிற ரப்பர் காலைச் செய்தார்கள். மேல்நாட்டுக் கருவியை இங்கே கொண்டுவந்தால் போதாது, இங்கத்திய தரையைக் கேட்க வேண்டும் என்பதுதான் அந்தக் காலின் பாடம். கண்ணிவெடியில் கால் இழந்தவர்களுக்காக யாழ்ப்பாணம்வரை போனது அந்தப் பெயர்.

கால் இழந்தவர்களுக்குக் கிடைத்த இந்த விடுதலை, கால் இருந்தும் நடக்காதவர்களுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக் 1950களில் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்குச் சில பத்தாண்டுகள் கழித்து என் கைக்கு வந்தது. காலுக்கு மாவுக்கட்டு போட்டு அச்செடுப்பார்கள். அந்த அச்சுக்குள் மாவு ஊற்றி என் காலைப் போலவே ஒரு வெள்ளைக் கால் செய்வார்கள். அடுப்பில் இளகிய பிளாஸ்டிக் தகட்டை அதன்மேல் போர்த்தி, காற்றை உறிஞ்சி ஒட்டவைத்து, ஆறியபின் வெட்டி எடுப்பார்கள். எடை குறைவு, துருப்பிடிக்காது, எந்த ஷூவுக்குள்ளும் போகும் என்றார்கள். கடைசி வாக்கியம் மட்டும் பொய்.

*

அப்பா இறந்தது ஒரு சித்திரை மாதம். நான் மூத்தவன். கொள்ளி வைப்பது என் வேலை. சுடுகாட்டில் தோளில் தண்ணீர்க் குடத்தோடு மூன்று சுற்று வர வேண்டும், வெறுங்காலோடு. மேடு பள்ளம், சாம்பல், முள்.

"ஷூவ கழட்டணும் தம்பி" என்றார் சடங்கு செய்தவர். கோபமாகச் சொல்லவில்லை. வழக்கத்தைச் சொன்னார். பெரியப்பா என் காலைப் பார்த்தார், பிறகு என் தம்பியைப் பார்த்தார். "சின்னவன் சுத்தட்டும். நீ பக்கத்துல நில்லு. அண்ணனுக்குக் குறை ஒண்ணும் வந்துடாது" என்றார். அன்பாகத்தான் சொன்னார். தம்பி குடத்தைத் தூக்கினான். ஒவ்வொரு சுற்றிலும் என்னைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டான்.

யார் மீதும் எனக்குக் குற்றச்சாட்டு இல்லை. ஆனால் அன்றிரவு தூங்க முடியவில்லை. பல வருஷம் கடைகடையாக ஏறி இறங்கி எனக்கு வெளியே போகும் ஷூ கிடைத்திருந்தது. உள்ளே போகும் ஒன்றை நான் தேடவே இல்லை. உள்ளே என்பது எனக்கானது அல்ல என்று நானே ஒப்புக்கொண்டிருந்தேன்.

2012ல் அமெரிக்காவில் மூளைவாதம் உள்ள ஒரு பள்ளிப் பையன் நைக்கி கம்பெனிக்கு ஒரு திறந்த கடிதம் எழுதினான். யாரும் வந்து நாடா கட்டிவிடாமல் கல்லூரிக்குப் போக வேண்டும், அப்படி ஒரு ஷூ செய்யுங்கள் என்று. மூன்று வருஷத்தில் சுற்றிவரும் ஜிப் வைத்த ஷூ வந்தது. நான் யாருக்குக் கடிதம் எழுதுவது? காரைக்கால் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் செருப்பு தைக்கும் அண்ணனிடம் போனேன்.

பிரேஸைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரலால் அடியைத் தேய்த்தார். "இதுக்கு மேல ஏன் ஷூவத் தேடுறீங்க? இதுக்குக் கீழ அடி போட்டுட்டா?" என்றார்.

நாற்பது வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி.

எம்.சி.ஆர். ஷீட்டை எடுத்தார். பிரேஸின் அடியை உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்கினார். பசை தடவி, காயவிட்டு, ஒட்டினார். குதிகாலில் எவ்வளவு தடிமன் என்பதுதான் கேள்வி. என் ஷூவின் குதிகால் முன்பக்கத்தைவிட எவ்வளவு உயரம் என்று அளந்து, அதே அளவுக்கு இன்னொரு துண்டு வைத்தார். வலது காலுக்கு ஈடாக ஒரு மெல்லிய துணிச் செருப்பு. வீட்டுக்குள் மட்டும் போடுவதற்கு இன்னொரு பழைய பிரேஸிலும் அப்படியே. கேட்டது நூற்றைம்பது ரூபாய். வேலூரில் தொழுநோயாளிகளுக்காகத் தேடிய ரப்பர், எங்கோ அடுப்பில் உருகிய பிளாஸ்டிக், செருப்பு போட அனுமதிக்கப்படாத ஒரு சமூகத்தின் கை. இந்த மூன்றும் என் காலடியில் ஒட்டிக்கொண்டன.

அதைப் போட்டுக்கொண்டு ஒரு நாள் கோயிலுக்குப் போனேன். எந்தக் கோயில் என்பது வேண்டாம். செருப்புப் பாதுகாக்கும் அம்மா என்னை நிறுத்தினார்.

"அது செருப்பாங்க?"

"காலும்மா."

குனிந்து பார்த்தார். பிளாஸ்டிக், பட்டை, கீழே நீல ரப்பர். யோசித்தார். அவர் யோசித்த அந்த நேரம் எனக்கு நீளமாக இருந்தது. பாரிஸ் தீர்ப்புக்குப் பொன்னுத்தம்பி காத்திருந்த மாதிரி. பிறகு ஒரு குடம் தண்ணீரை எடுத்துவந்து என் பிரேஸின் அடியில் ஊற்றிக் கழுவிவிட்டார். "எல்லாரும் கால் கழுவிட்டுத்தானே போறாங்க. போங்க" என்றார்.

*

மயிலாடுதுறையில் ஐப்பசி மாதம் முழுக்கக் காவிரித் துலாக்கட்டத்தில் நீராடுவது வழக்கம். கடைசி நாள் கடைமுழுக்கு. அதோடு புண்ணியம் முடிந்தது. ஒரு முறை கால் நடக்காத ஒருவன் அதற்காகக் கிளம்பி வந்தானாம். மெல்ல மெல்ல வந்து சேர்ந்தபோது ஐப்பசி முடிந்து கார்த்திகை பிறந்துவிட்டது. அவன் அழுதான். இறைவன், இன்று குளித்தாலும் அதே பலன் என்றார். இன்றுவரை கார்த்திகை முதல் நாளை முடவன் முழுக்கு என்று கொண்டாடுகிறார்கள்.

அந்தச் சொல்லை இன்று யாரும் யாரையும் நோக்கிச் சொல்லக்கூடாது. மாற்றுத்திறனாளி என்று சொல்லப் பழகியிருக்கிறோம், அது சரிதான். ஆனால் பஞ்சாங்கத்தில் அந்தப் பழைய சொல் இருந்துகொண்டிருப்பதில் எனக்கு வருத்தமில்லை. கதையைக் கவனியுங்கள். அவன் காலைச் சாமி குணப்படுத்தவில்லை. 'வேகமா வந்திருக்கணும்' என்று சொல்லவும் இல்லை. அவன் வேகத்துக்கு ஏற்ப மாதத்தை ஒரு நாள் நீட்டினார். அந்த நாள் அவனுக்கு மட்டும் என்றும் வைக்கவில்லை. தாமதமாக வந்த எல்லோரும் அன்று குளிக்கிறார்கள்.

போன கார்த்திகை முதல் நாள் நானும் தம்பியும் மயிலாடுதுறைக்குப் போனோம். படித்துறையில் பாசி. தம்பி முன்னால் இறங்கிக் கையை நீட்டினான். ரப்பர் அடி ஈரக்கல்லைப் பிடித்துக்கொண்டது. அப்பாவுக்காக மூன்று முறை முங்கி எழுந்தேன்.